இலத்தீன் எண்ணுப்பெயர்கள்: தோற்றமும் வளர்ச்சியும்

தமிழ் ‘எட்டு’, இலத்தீன் ‘ஒக்தோ’ ஆகிய இரண்டும் ஒலியால் ஒத்திருத்தலின் ஒரே வேரிலிருந்து பிறந்தவை எனக் கூறுவார் உளர். வகுப்பறைகளிலும் இக்கருத்து அவ்வப்போது எழுவதுண்டு. இலத்தீன் எண்ணுப்பெயர்களின் வரலாற்றை அறிந்தாலன்றி இதனை ஏற்பதோ மறுப்பதோ முறையன்று.

இலத்தீன், இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் இத்தாலிக் கிளையைச் சார்ந்தது. அதன் ‘கெந்தும்’ (100), ‘தெக்கெம்’ (10) என்பவற்றை வடமொழியின் ‘சதம்’, ‘தச’ என்பவற்றோடு ஒப்பிடுவோம். இலத்தீனில் ககரம் நிற்குமிடத்து வடமொழியில் சகரம் நிற்கின்றது. நாயைக் குறிக்கும் ‘கனிஸ்’, ‘சுவன்’ என்னும் சொற்களிலும் இவ்வொழுங்கே அமைந்துள்ளது. இவ்வாறு பல சொற்களில் திரும்பத் திரும்ப வரும் ஒலி இயைபே உறவுக்குச் சான்றாகும்.

மூலமொழியிலிருந்து பிரிந்தபின் இலத்தீன் தனக்கெனச் சில மாற்றங்களை அடைந்தது. ஐந்தின் பெயர் கிரேக்கத்தில் ‘பெந்தெ’ எனவும் வடமொழியில் ‘பஞ்ச’ எனவும் பகரத்தில் தொடங்க, இலத்தீனில் அம்முதலொலி பின்வரும் அசைக்கு இயையத் திரிந்து ‘குவின்குவே’ ஆயிற்று. ஒன்பதின் பெயராகிய ‘நொவெம்’ என்பதன் ஈற்று மகரம், ‘செப்தெம்’ (7), ‘தெக்கெம்’ என்பவற்றின் சாயலால் வந்தது. பழைய னகரம், ‘ஒன்பதாவது’ எனப் பொருள்படும் ‘நோனுஸ்’ என்பதில் எஞ்சியுள்ளது. பதினெட்டை ‘இருபதில் இரண்டு குறைய’ என்னும் பொருளில் ‘துவோதேவிகிந்தி’ என்றனர். இலத்தீனின் வழிமொழியாகிய இத்தாலியமோ அம்முறையைக் கைவிட்டு, ‘பத்தும் எட்டும்’ என்னும் பொருளில் ‘திச்சோத்தோ’ என்கின்றது.

இனி, ‘எட்டு’ என்பதற்கு வருவோம். எண்பது, எண்ணூறு, எண்மர் என்னும் வடிவங்கள் இதன் அடி ‘எண்’ என்பதைக் காட்டுகின்றன. கன்னட ‘எண்டு’ என்பதிலும் அம்மூக்கொலி நிலைபெற்றுள்ளது. இலத்தீன் ‘ஒக்தோ’, கிரேக்க ‘ஒக்தோ’, வடமொழி ‘அஷ்டௌ’ ஆகியவற்றிலோ மூக்கொலிக்கு இடமேயில்லை. எனவே, பழைய வடிவங்களை நோக்கிச் செல்லுந்தோறும் இவ்விரு சொற்களும் நெருங்காமல் விலகியே செல்கின்றன. இன்றைய ஒற்றுமை தற்செயலானதே.

தமிழின் தொன்மைக்கு இத்தகைய ஒலியொப்புமைகளின் துணை வேண்டுவதில்லை. மாணவர் இவ்வினாவை எழுப்பும்போது, ‘எண்மர்’ என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதனுள் ‘எட்டு’ எங்குள்ளது எனத் தேடச் செய்யலாம். ஒப்பியல் ஆய்வின் முதற்பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.