பழைய வன்தட்டும் புதிய கணிப்பொறியும்

அந்தமானில் வாழும் தமிழன்பர் ஒருவர் புதிய கணிப்பொறி வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழையது எடைக்குப் போய்விட்டது. ஆயினும் அதனுள்ளிருந்த வன்தட்டை மட்டும் கழற்றித் துணியிற் சுற்றி வைத்திருக்கிறார். ஹார்ட் டிஸ்க் என்று கடைத்தெருவில் வழங்குவது இதுவே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுவதற்கு முன் எடுத்த நிழற்படங்கள் அதில் உள்ளன. அலையோடு போன உறவினர் வீட்டு முற்றம் இப்போது அப்படங்களில் மட்டுமே இருக்கிறது. புதிய கணிப்பொறியைத் திறந்து பார்த்தால், அவ்வன்தட்டின் கேபிளைச் செருகுவதற்கு மதர்போர்டில் இடமே இல்லை. “இனி இது உதவாது” என்று எவரேனும் சொன்னால் நேயர்கள் நம்பிவிட வேண்டா.

தீவுகளில் இச்சாதனத்துக்குத் தனி மதிப்பு உண்டு. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கேபிள் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள்தான் தொடங்கிவைக்கப் பெற்றது. அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்த இணையத் தொடர்பு மிகக் குறுகியது. படங்களைத் தொலைவிலுள்ள சேமிப்பகத்துக்கு அனுப்பிவைத்தல் எளிதாக இல்லை. வீட்டு வன்தட்டில் இருந்தால் உண்டு; இல்லையேல் இல்லை.

வாயில் ஏன் மாறிற்று? 1980களில் தோன்றிய ஐ.டி.இ. முறையில், அகன்ற பட்டைக் கேபிள் ஒன்றின் வழியே பதினாறு குறிகள் ஒரே சமயத்தில் பக்கம் பக்கமாகச் செல்லும். பதினாறு தோணிகள் ஒரே வரிசையிற் புறப்பட்டு, ஒரே கணத்திற் கரைசேர வேண்டும் என்பது போன்றது இது. வேகம் மிகுந்தால் ஒன்று முந்தும்; ஒன்று பிந்தும்; வரிசை குலையும். ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விரையச் செய்தால் இத்தொல்லை இல்லை. 2003ஆம் ஆண்டு வெளிவந்த சாட்டா முறை அதுவே. 2006இல் இன்டெல் நிறுவனம் மேசைக் கணிப்பொறிக்கான தன் சில்லுத் தொகுதியிலிருந்து ஐ.டி.இ. இணைப்பை விலக்கியது. பின்னர் அவ்வாயில் மதர்போர்டுகளிலிருந்து மெல்ல மறைந்தது.

ஆகவே கையிலிருப்பது எவ்வகை என்று முதலிற் பார்க்கவேண்டும். இணைப்பு முனை மெல்லிய தகடுபோல் ‘எல்’ எழுத்து வடிவில் இருந்தால் அது சாட்டா. மேசைக் கணிப்பொறியில் நேரே பொருத்திவிடலாம். ஒன்றே எச்சரிக்கை: சில மதர்போர்டுகளில் எம்.2 வட்டு பொருத்தப்பட்டிருந்தால் சாட்டா வாயில்களுள் ஓரிரண்டு செயற்படா. வேறு வாயிலில் மாற்றிச் செருகிப் பார்த்த பின்னரே வன்தட்டைக் குறைகூறுதல் வேண்டும்.

நாற்பது ஊசிகள் இரு வரிசையாக நின்றால் அது ஐ.டி.இ. இதற்கு எளிய வழி, யு.எஸ்.பி. வாயிலில் இணைக்கும் அடாப்டர். மூன்றரை அங்குல வன்தட்டுக்கு 12 வோல்ட் மின்சாரமும் தேவை, யு.எஸ்.பி. வாயிலோ 5 வோல்ட்தான் தரும். எனவே தனி மின் இணைப்போடு வரும் அடாப்டரையே கேட்டு வாங்குக. சென்னையிலிருந்து பொருள் கப்பலில் வரவேண்டிய ஊரில், தவறானதை வாங்கித் திருப்பியனுப்புவது சிறிய துன்பமன்று.

ஊசிகளின் அருகே ஜம்பர் என்னும் சிறு செருகி ஒன்று இருக்கும். முன்னாளில் ஒரே கேபிளில் இரு வன்தட்டுகளைப் பூட்டியபோது, எது முதலாவது, எது இரண்டாவது என்று குறித்தது அதுவே. வன்தட்டின் மேலுள்ள சீட்டில் அச்சிட்ட படத்தைப் பார்த்து அதனை ‘மாஸ்டர்’ நிலையில் வைக்கவேண்டும். நாம் ஒருமுறை இதனைக் கவனியாமல் இணைத்துவிட்டு, வன்தட்டு மாண்டதென்று ஒரு மாலைப்பொழுது முழுதும் வருந்தியிருந்தோம். மறுநாட் காலை ஜம்பரை மாற்றினோம். உடனே சுழன்று தோன்றிற்று!

தோன்றியவுடன், “ஃபார்மட் செய்யலாமா?” என்று கணிப்பொறி கேட்கக்கூடும். வேண்டா என்க. ஒப்புக்கொண்டால் படங்களை இழக்க நேரும். கோப்புறையைத் திறக்க அனுமதி இல்லை என்று சொன்னால் அஞ்ச வேண்டியதில்லை. பழைய கணிப்பொறியின் பயனர் உரிமையே அங்ஙனம் தடுக்கிறது. நிருவாகியாக நுழைந்து அவ்வுரிமையை மாற்றிக்கொள்ளலாம். பழைய வன்தட்டிலிருந்து கணிப்பொறியை இயக்க முயல்வதும் வீண்வேலை. முதற்பணி, படங்களைப் புதிய வட்டுக்குப் படியெடுத்தலே. 40 ஜிகாபைட் வன்தட்டு நலமாயிருப்பின் இது ஏறத்தாழ அரைமணி நேர வேலை.

தீவின் ஈரக்காற்றையும் எண்ணவேண்டும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவு மழை பெய்யும் நாட்டில் ஊசிகளிற் பசுமைக் களிம்பு படிவது இயல்பு. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொணர்ந்த வன்தட்டில் ஈரம் படியும். சில மணி நேரம் வைத்திருந்து, பின்னர் மின்னிணைப்புத் தருக. ‘டிக், டிக்’ என்று மீண்டும் மீண்டும் ஒலித்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுக. மூடியைத் திறந்து உள்ளே பார்க்கும் ஆவல் வேண்டா. ஒரு தூசி போதும், தட்டின் முகத்தைக் கீறிவிடும். அந்நிலையில் துணியிற் சுற்றி, சென்னை செல்லும் நம்பகமானவர் கையிற் கொடுத்து, தரவு மீட்பில் தேர்ந்த பணிமனையிற் சேர்ப்பிப்பதே வழி.