எந்தப் பாட்டிலிருந்து தொடங்குவது?



கீரிப்பாறை என்ற பெயரை உங்களுள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகச் சென்றால், மலையடிவாரத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அமைந்திருக்கும் சிற்றூர் அது. பொழுது புலர்வதற்கு முன்பே அங்கே பால்வெட்டும் தொழிலாளர்கள் தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார்கள். அவ்வூரிலிருந்து வந்து கல்லூரியில் பயிலும் மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்விதான் இந்தப் பேச்சுக்குக் காரணம்.

"ஐயா, நல்ல சங்கீதம் கேட்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதைக் கேட்பது, யாருடைய பாட்டிலிருந்து தொடங்குவது என்று ஒருவரும் சொல்வதில்லை. வானொலியில் கச்சேரி கேட்டால் எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எங்கள் வீட்டில் யாருக்கும் இது பழக்கமில்லை. இது எங்களுக்கும் உரியதுதானா?" என்று அவள் கேட்டாள்.

முதலில், எதிலிருந்து தொடங்குவது என்பதைச் சொல்கிறேன். மும்மூர்த்திகளின் வரலாற்றைப் படித்துவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று எண்ணுபவர் பெரும்பாலும் படிப்போடு நின்றுவிடுவர். உங்கள் செவிக்கு முன்பே அறிமுகமான ஒரு பாட்டிலிருந்து தொடங்குங்கள். 1962-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' என்னும் திரைப்படத்தில் 'சிங்கார வேலனே தேவா' என்றொரு பாட்டு உண்டு. எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் மாறி மாறி வருவதை நீங்கள் கோயில் திருவிழா ஒலிபெருக்கியிலாவது கேட்டிருப்பீர்கள். காருகுறிச்சி நமக்கு அயலூர் அன்று. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. 1921-இல் பிறந்து 1964-இல் மறைந்த அருணாசலம், நாகஸ்வரச் சக்கரவர்த்தி எனப் புகழ்பெற்ற திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் மாணாக்கர்.

அந்தப் பாட்டின் இராகம் ஆபேரி. இராகம் என்றால் என்ன என்று அஞ்ச வேண்டியதில்லை. ஸ்வரங்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் எந்த வழியாகச் செல்ல வேண்டும், எந்த இடத்தில் அசைய வேண்டும், எங்கே நின்று இளைப்பாற வேண்டும் என்ற ஒழுங்குதான் இராகம். ஆபேரியில் ஏறும்போது ஸ, க, ம, ப, நி என ஐந்து ஸ்வரங்களே வரும்; ரியும் தவும் விடுபடும். இறங்கும்போது ஏழும் வரும். திரைப்பாட்டை நான்கைந்து முறை கேட்டபின், தியாகராஜர் ஆபேரியில் இயற்றிய 'நகுமோமு' என்னும் கீர்த்தனையைக் கேளுங்கள். மொழி தெலுங்கு, பொருள் உடனே விளங்காது. ஆனால், முன்பு எங்கோ பார்த்த முகத்தை வேறோர் ஊரில் காண்பது போன்ற உணர்வு தோன்றும். அது தோன்றிவிட்டால் நீங்கள் இராகத்தை அடையாளம் கண்டுவிட்டீர்கள். எல்லாப் பாட்டும் ஒன்றுபோல் இருக்கின்றன என்ற குறை அந்த நாளிலிருந்து தேயத் தொடங்கும்.

அடுத்த படிக்கு நாஞ்சில் நாட்டு மாணவர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று திருவுருவங்களும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் செல்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். திருவிதாங்கூரின் தலைநகரம் ஒரு காலத்தில் பத்மநாபபுரமாக இருந்ததன் நினைவு அது. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பின்னரும், களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்து அந்த ஊர்வலம் சென்றுகொண்டுதான் இருக்கிறது. அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகள் கச்சேரி நடைபெறும். ஒவ்வொரு மாலைக்கும் ஓர் இராகம் வரையறுக்கப்பட்டிருக்கிறது: சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஆரபி. அந்தந்த நாளுக்குரிய கீர்த்தனையை இயற்றியவர் சுவாதித் திருநாள் மகாராஜா. 1813-இல் பிறந்து 1846-இல் மறைந்த அவர், முப்பத்துமூன்று ஆண்டு வாழ்வுக்குள் அரசாட்சியும் செய்து, பல மொழிகளில் நூற்றுக்கணக்கான உருப்படிகளும் இயற்றினார்.

தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்பது நாளில் ஒன்பது பெரிய இராகங்கள் காதில் விழுகின்றன. முதல் நாளுக்குரிய 'தேவி ஜகஜ்ஜனனி', கடைசி நாளுக்குரிய 'பாஹி பர்வத நந்தினி' ஆகிய இரண்டையும் முதலில் கேட்டு, நடுவிலுள்ளவற்றைப் பிறகு நிரப்பிக்கொள்ளுங்கள். சுவாதித் திருநாளின் உருப்படிகள் பரவப் பெரிதும் உழைத்தவர்கள் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் ஆவர். 1939-இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய இசைக் கல்லூரிக்கு முதலாமவர் முதல் தலைவர். மற்றவர் அவருக்குப் பின் வந்தவர். செம்மங்குடியின் ஒலிப்பதிவுகள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன.

அந்த மாணவியின் இரண்டாவது கேள்விக்கு இந்த இடத்தில்தான் விடை சொல்ல வேண்டும். இது எங்களுக்கும் உரியதா என்று அவள் கேட்டது காரணமில்லாமல் அன்று. திருவிதாங்கூர்க் கோயில்களின் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் கோயிலுக்குள் ஒலித்த நாகஸ்வரத்தைத் தெருவிலும் தெருவுக்கு அப்பாலும் நின்று கேட்டவர்கள் இருந்தார்கள். நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கமே இல்லாதிருந்தது. 2006-இல், எண்பது வயதைக் கடந்த பாறசாலை பொன்னம்மாள் அங்கே அமர்ந்து பாடினார். அந்த மேடையில் பாடிய முதற் பெண்மணி அவர். பாறசாலை களியக்காவிளைக்கு அடுத்த ஊர். ஊர்வலம் போகும் பாதையிலேயே இருக்கிறது. தேவி நூற்றாண்டுகளாகச் சென்ற வழியில் ஒரு பெண்ணின் குரல் சென்று சேர அத்தனை காலம் ஆயிற்று. பொன்னம்மாள் 2021-இல் மறைந்தார். அவருடைய பாட்டையும் தேடிக் கேளுங்கள். அவசரமே இல்லாத பாட்டு அது. உரியது அன்று என்று யாரோ வரைந்த கோட்டை அழிப்பதற்கு ஒருவர் எண்பது வயதுவரை காத்திருக்க நேர்ந்தது. கேட்பவருக்கோ அத்தகைய தடை இன்று இல்லை. வானொலி யாரையும் வாயிலில் நிறுத்தி விசாரிப்பதில்லை.

பொருள் விளங்கிக் கேட்க வேண்டும் என்ற விருப்பம் நியாயமானதே. நீலகண்ட சிவனின் பாடல்களை அதற்கென்று பரிந்துரைப்பேன். 1839 முதல் 1900 வரை வாழ்ந்த அவர் இளமையில் பத்மநாபபுரத்தில் வளர்ந்தவர். பின்னர்க் கரமனையில் வாழ்ந்தார். பூர்விகல்யாணியில் அமைந்த 'ஆனந்த நடமாடுவார்', கரகரப்பிரியாவில் அமைந்த 'நவசித்தி பெற்றாலும்' ஆகிய இரண்டும் கச்சேரிகளில் அடிக்கடி கேட்பவை. தந்தையை இழந்து தஞ்சைப் பகுதியிலிருந்து திருவனந்தபுரம் வந்து சேர்ந்த ஒரு சிறுவன் நீலகண்ட சிவனின் பஜனையில் உள்ளம் பறிகொடுத்தான். அவனே பிற்காலத்தில் பாபநாசம் சிவன் ஆனான். காபி இராகத்தில் அவர் இயற்றிய 'என்ன தவம் செய்தனை' பலருக்கும் தெரிந்ததே. தமிழிசையின் ஒரு கிளை இங்ஙனம் நம் பக்கத்து மண்ணில் நீர் குடித்து வளர்ந்தது என்பதைப் பாடப்புத்தகங்கள் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம்.

முத்துசாமி தீட்சிதரை நான் சற்றுத் தள்ளியே வைப்பேன். 1835-இல் எட்டயபுரத்தில் மறைந்த அவருடைய கீர்த்தனைகள் பெரும்பாலும் விளம்ப காலத்தில், யானை நடைபோல் மெல்ல அசைந்து செல்பவை. புதிதாகக் கேட்பவர் பொறுமை இழந்துவிடக்கூடும். ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள். ஆனால் மேனாட்டு மெட்டுகளைத் தழுவி அவர் அமைத்த 'நோட்டு ஸ்வர'ப் பாடல்களை இப்போதே கேட்கலாம், சிறியவை, துள்ளலானவை. சியாமா சாஸ்திரியின் பைரவி ஸ்வரஜதியும் காத்திருக்கட்டும்.

கேட்கும் முறையைப் பற்றி ஒரு சொல். நாளொன்றுக்குப் பத்துப் பாட்டுக் கேட்பதைவிட, ஒரு பாட்டை ஒரு வாரம் கேட்பது நன்று. கை சும்மா இருக்கவேண்டாம், தாளம் போடுங்கள். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை. தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தும் ஆதி தாளத்தில் அமைந்தவை. அவற்றுள் ஆரபி இராகத்துச் 'சாதிஞ்சனே' கேட்டுத் தாளம் பழகுவதற்கு ஏற்றது. பாதி வழியில் கை தவறிவிடும். தவறட்டும், மீண்டும் முதலிலிருந்து போடுங்கள்.

இவற்றையெல்லாம் எழுதிக்கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அந்த மாணவி மீண்டும் வந்தாள். "ஐயா, ஆபேரியும் ஏறும்போது ஐந்து, இறங்கும்போது ஏழு. ஆரபியும் அப்படியே. ஆனால் ஒன்று உருகுகிறது, மற்றொன்று மிடுக்காக நடக்கிறது. ஏன்?" என்றாள். ஆரபி ஏறும்போது விடுபவை கவும் நியும். ஆபேரி விடுபவை ரியும் தவும். அன்றியும், இரண்டிலும் வரும் காந்தாரமும் நிஷாதமும் வெவ்வேறானவை. ஆபேரியில் அவை தாழ்ந்தும் ஆரபியில் உயர்ந்தும் ஒலிக்கும். ஆரபிக்குத் தாய் சங்கராபரணம் என்று சொன்னேன். அவள் சற்று நேரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்படியானால் நவராத்திரியில் முதல் நாள் தாயும் கடைசி நாள் பிள்ளையும் வருகிறார்கள்" என்றாள். இத்தனை ஆண்டுகள் அந்த ஒன்பது கீர்த்தனைகளைக் கேட்டும் எனக்கு அது தோன்றியதில்லை.