எலும்பில் பதிந்த உழைப்பு

எலும்பு, உடலில் உள்ளவரை, உயிருள்ள பொருளே. சுமை மிகின் தடிக்கும், குறையின் மெலியும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல் இக்கருத்தை நூலாக வெளியிட்டார். டென்னிசு ஆட்டக்காரரின் மட்டை பிடிக்கும் கையெலும்பு மற்றைக் கையினதைவிடத் தடித்திருப்பது இதற்கு எளிய சான்று. அங்ஙனமாயின், மண்ணுள் கிடைக்கும் எலும்பைக் கொண்டு மறைந்தோர் செய்த வேலையை அறிய இயலுமன்றோ?

சிரியாவில், யூப்ரடீஸ் எனப்படும் ஃபுராத் ஆற்றங்கரையில் புதிய கற்கால ஊர் ஒன்று புதையுண்ட மேடு இருந்தது. அதன் பெயர், நபித்தோழர் ஒருவரை நமக்கு நினைவூட்டும் அபூ ஹுரைரா. தப்கா அணை நீரில் அது மூழ்குமுன், 1972, 1973 ஆகிய ஆண்டுகளில் ஆண்ட்ரூ மூர் தலைமையில் அகழப்பட்டது. அங்குக் கிடைத்த எலும்புகளை இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த தேயா மாலிசன் அம்மையார் ஆராய்ந்து 1994-இல் கட்டுரை வரைந்தார்.

கால் பெருவிரல் மூட்டுத் தேய்ந்திருந்தது; முழங்காலில் மிகையெலும்பு வளர்ந்திருந்தது; முதுகெலும்பின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது; மேற்கையில் தசை பற்றும் இடம் தடித்திருந்தது. இவை தனித்தனியே பல காரணங்களால் நேரலாம். ஒருங்கே நேர்வதற்கு எவ்வேலை காரணமாகும்? அம்மி போன்ற கல்லின்முன் மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, இரு கைகளாலும் குழவியை முன்னும் பின்னும் தள்ளி, நாள்தோறும் மணிக்கணக்கில் தானியம் அரைத்த வேலையே என்றார் அம்மையார். அரைகற்களும் அவ்வூரிலேயே கிடைத்தன. இம்மாற்றங்கள் பெரிதும் பெண்களின் எலும்புகளிலேயே காணப்பட்டன.

உழவின் தோற்றத்தை மனிதகுல வெற்றியென வரலாற்று நூல்கள் போற்றும். அவ்வெற்றிக்கு முதுகையும் முழங்காலையும் ஈந்தவர் யாரென அவை பெரும்பாலும் கூறா. நம் மரபில் உலக்கைப் பாட்டுக்கு வள்ளை என்னும் பெயரேனும் உண்டு. அபூ ஹுரைராப் பெண்டிர்க்கு எஞ்சிய பாட்டும் இல்லை, எழுத்தும் இல்லை.

ஆயினும், எலும்பைக் கண்டவுடன் இவன் வில்லாளி, இவள் நெசவு செய்தவள் எனத் தொழிற்பெயர் சூட்டுதல் பொருந்தாது. தசை பற்றும் இடங்கள் முதுமையாலும் கரடாகும். இறந்தோரின் வயதும் தொழிலும் பதிவாகியுள்ள எலும்புத் தொகுப்புகளை ஆராய்ந்தோர், அம்மாற்றங்களில் தொழிலைவிட வயதின் பங்கே மிகுதி எனக் கண்டனர். ஆதலின் இக்கால ஆய்வாளர் எலும்புத் தண்டின் குறுக்குவெட்டு வலிமையை அளந்து, வாழ்வோரின் எலும்போடு ஒப்பிடுகின்றனர். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் அலிசன் மெகின்டாஷ் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நடு ஐரோப்பியப் புதிய கற்காலப் பெண்களின் கையெலும்பு, இன்று படகுப் போட்டிக்குப் பயிலும் பெண்களின் கையெலும்பைவிட 11 முதல் 16 விழுக்காடு வலிமை மிக்கது.