மாதச் சம்பளமா, ஒப்பந்த வேலையா? கணினிப் பணியில் கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியவை

அண்மையில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து அமர்ந்திருந்தபோது, பொழிச்சலூரைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் தன் மகனை அழைத்து வந்தார். மகனுக்கு மென்பொருள் எழுதுவதில் மூன்றாண்டு அனுபவம். இரண்டு இடங்களில் வேலை கிடைத்திருந்தது. ஒன்று, மாதம் 48,000 ரூபாயில் நிரந்தர வேலை. மற்றொன்று, மாதம் 60,000 ரூபாயில் ஓராண்டு ஒப்பந்தம். “ஹஜ்ரத், பன்னிரண்டாயிரம் கூட வருது. இதுல யோசிக்க என்ன இருக்குன்னு இவன் கேக்குறான்” என்றார் தந்தை.

யோசிக்க நிறையவே இருக்கிறது. தாம்பரம் மெப்ஸ் வளாகத்துக்கும், பல்லாவரம் – துரைப்பாக்கம் சாலை வழியாக ஓ.எம்.ஆருக்கும் நம் பிள்ளைகள் தினமும் வேலைக்குப் போகிறார்கள். தாங்கள் எந்த வகையில் பணியமர்த்தப்பட்டிருக்கிறோம் என்று கேட்டால், அவர்களில் பலருக்குச் சரியாகச் சொல்லத் தெரிவதில்லை. பெற்றோருக்கோ மாதத் தொகை மட்டுமே தெரிகிறது.

நேரத்தை விற்பதா, வேலையை விற்பதா?

மதரஸாவில் ஃபிக்ஹு பாடத்தில் இஜாரா, அதாவது கூலி ஒப்பந்தம் பற்றிப் படிக்கும்போது இரண்டு வகைப் பணியாளர்களைப் பற்றிப் படிப்போம். ஒருவர் ‘அஜீர் காஸ்’. இவர் குறிப்பிட்ட காலத்துக்குத் தன் நேரத்தை ஒருவருக்கே ஒப்படைத்தவர். அவர் வேலைக்குத் தயாராக வந்து நின்றால், முதலாளி வேலை கொடுக்காவிட்டாலும் கூலி உண்டு. இன்னொருவர் ‘அஜீர் முஷ்தரக்’. தையல்காரரைப் போலப் பலருக்கும் வேலை செய்பவர். ஒத்துக்கொண்ட வேலையை முடித்தால் கூலி. எப்போது உட்கார்ந்து தைக்கிறார் என்று யாரும் கேட்க முடியாது.

மென்பொருள் துறையிலும் அடிப்படை இதுவே. மாதச் சம்பளக்காரர் நேரத்தை விற்கிறார். அந்த நேரத்தில் வேலை இல்லாமல் போனால் நட்டம் நிறுவனத்துக்கு. சுயேச்சையான ஒப்பந்தக்காரர் வேலையை விற்கிறார். வேலை இல்லாத மாதத்தின் நட்டம் அவருக்கு. அதனால்தான் அவருக்குத் தொகை கூடுதல்.

பன்னிரண்டாயிரத்தின் கணக்கு

அந்த இளைஞரின் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். நிரந்தர வேலையில் அடிப்படைச் சம்பளம் 25,000 ரூபாய். நிறுவனம் அதில் 12 சதவீதத்தை, அதாவது 3,000 ரூபாயை, தன் பங்காக வருங்கால வைப்பு நிதிக்குச் செலுத்துகிறது. பணிக்கொடை, ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சம்பளம். மாதக் கணக்கில் சுமார் 1,200 ரூபாய். ஆனால் ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்தால்தான் இது கைக்கு வரும்.

ஒப்பந்த வேலையில் இவை இல்லை. மாதத்துக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்தாலே சுமார் 2,700 ரூபாய் குறையும். ஓர் ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்க ஆண்டுக்கு ஒரு மாதம் வீணானால், அந்த இழப்பு மாதத்துக்கு 5,000 ரூபாய். நான்கையும் கூட்டினால் 11,900. மிஞ்சுவது நூறு ரூபாய்! குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீட்டை இன்னும் நாம் சேர்க்கவே இல்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. சட்டப்படியான 26 வாரச் சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பு ஊழியருக்கு உரியது. சுயேச்சை ஒப்பந்தக்காரருக்கு அது கிடையாது.

இதனால் ஒப்பந்த வேலையே கூடாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நல்ல அனுபவமும், இரண்டு மூன்று வாடிக்கையாளர்களும், ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பும் உள்ளவருக்கு அது சுதந்திரம் தரும். வீட்டிலிருந்தபடி தன் வசதிப்படி வேலை செய்ய விரும்பும் சகோதரிகளுக்கும் பொருந்தும். ஆனால் வரிக் கணக்கு அவரவர் பொறுப்பு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும்.

பெயர் மாறினால் உண்மை மாறாது

அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1980களில் பலரைச் சுயேச்சைப் பணியாளர்கள் என்ற பெயரில் அமர்த்தியது. நிரந்தர ஊழியர்களின் பக்கத்திலேயே அமர்ந்து, அதே மேலாளர்களின் கீழ் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள். சலுகைகள் மட்டும் இல்லை. இவர்கள் ஊழியர்களே என்று வரித்துறை சொன்னது. 1992இல் தொடங்கிய வழக்கு, 2000ஆம் ஆண்டில் சுமார் 9 கோடியே 70 லட்சம் டாலர் தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்ட பிறகே முடிந்தது.

நம் நாட்டிலும், கோழிக்கோட்டுக் கயிறு ஆலை ஒன்றின் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் இதே பார்வையில் தீர்ப்பளித்தது. இடைத்தரகர் மூலம் வந்த தொழிலாளர்கள் தன் ஆட்கள் அல்ல என்றார் ஆலைக்காரர். யாருடைய தொழிலுக்காக அவர்கள் உழைக்கிறார்களோ அவரே முதலாளி என்றது நீதிமன்றம். ஆனாலும் வழக்கு என்று போனால் ஆண்டுகள் ஓடிவிடும். முதலிலேயே கேட்டுத் தெளிவது நல்லது.

இடையில் மூன்றாவது வகையும் இருக்கிறது. வேலை பெரிய நிறுவனத்தில், சம்பளம் தருவது ஆள் அனுப்பும் ஏஜென்சி. இதையும் ‘கான்ட்ராக்ட்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இதில் நீங்கள் ஏஜென்சியின் ஊழியர். பி.எப். எண், சம்பளச் சீட்டு, விடுப்பு ஆகியவற்றை அவர்களிடம் கேட்டுப் பெற வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கப்படும் ஊழியருக்கு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, ஓராண்டுப் பணிக்கே பணிக்கொடை உண்டு.

வேலை கொடுப்பவர்களுக்கு

நம்மில் கடை, பள்ளிக்கூடம், பயண நிறுவனம் நடத்துவோர் பில் போடவும் இணையதளம் அமைக்கவும் ஆள் வைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் ஊழியர் பணியின் பகுதியாக எழுதிய மென்பொருள், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், உங்களுக்கே சொந்தம். வெளி ஒப்பந்தக்காரர் எழுதியது அப்படியல்ல. பணம் முழுவதும் கொடுத்திருந்தாலும், உரிமையை எழுத்து மூலம் மாற்றித் தராதவரை அது அவருடையதே. அந்த எழுத்திலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். ஆகவே காலம், இடம், மூல நிரல் ஒப்படைப்பு, தவணைத் தேதி எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருவர் தினமும் வர வேண்டும், நாம் சொன்ன நேரத்தில் இருக்க வேண்டும், வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது என்று எதிர்பார்த்தால், அவரை ஊழியராகவே வைத்துக்கொள்ளுங்கள். நேரம் முழுவதையும் வாங்கிக்கொண்டு, ஒப்பந்தக்காரர் என்று பெயர் சூட்டிப் பொறுப்பிலிருந்து விலகுவது அமானிதத்துக்கு அழகல்ல.

கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகள்

சம்பளம் தருவது யார்? சொல்லும் தொகையில் பி.எப்., பணிக்கொடை அடங்கியிருக்கிறதா? எத்தனை நாள் அறிவிப்பில் வேலையிலிருந்து நிறுத்தலாம்? வேறு வேலை எடுக்க அனுமதி உண்டா?

அந்த இளைஞர் இந்த நான்கையும் கேட்டுவிட்டு, மறு வாரம் தந்தையுடன் வந்தார். ஒப்பந்தத்தில் தினமும் ஒன்பது மணி நேரம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். வேறு வேலை கூடாது. பதினைந்து நாள் அறிவிப்பில் நிறுத்தலாம். “நேரத்தை முழுசா கேக்குறாங்க ஹஜ்ரத். பொறுப்பை மட்டும் எடுத்துக்க மாட்டேங்குறாங்க” என்றார். 48,000 ரூபாய் வேலையிலேயே சேர்ந்துவிட்டார். அல்லாஹ் அதில் பரக்கத் செய்வானாக.