முதல் இரண்டு நிமிடங்கள்

நுழையும்முன்

'ஒரு ஊர்ல ஒரு ராஜா' என்று பாட்டி தொடங்கினால் நம் மனம் ஒரு வகைக் கதைக்கு அணியமாகிறது. இருட்டில் ஒரு கதவு மெல்லத் திறக்கும் ஒலி கேட்டால் வேறு வகைக் கதைக்கு அணியமாகிறது. கேட்பவரின் இந்த எதிர்பார்ப்பைக் கொண்டு மர்மப் படம் ஒன்றின் தொடக்கத்தை மாணவர்கள் எவ்வாறு அமைக்கலாம் என்பதைத் தூத்துக்குடிக் கரையில் நின்று காண்போம்.

திணையும் வகைமையும்

அகப்பாடல் ஒன்றில் தாழையும் புன்னையும் சுறாவும் எற்பாட்டுப் பொழுதும் வருமானால், அது நெய்தல் என்பதையும் இரங்கலைப் பேசப்போகிறது என்பதையும் புலவர் சொல்லாமலே நாம் உணர்கிறோம். முதல், கரு, உரி எனத் தொல்காப்பியம் வகுத்துக் காட்டும் இம்மரபு, புலவருக்கும் படிப்பவருக்கும் இடையே உள்ள ஓர் உடன்பாடு. திரைப்படத்தில் இத்தகைய உடன்பாட்டை வகைமை மரபு என்பர். மழையில் நனைந்த தெரு, விட்டுவிட்டு எரியும் விளக்கு, முகம் காட்டாமல் நடக்கும் கால்கள், பாதியில் அறுபடும் தொலைபேசிப் பேச்சு ஆகியவை மர்மப் படத்தின் கருப்பொருள்கள். அச்சமும் ஐயமும் அதன் உரிப்பொருள். திணை மயங்குவதைத் தொல்காப்பியம் விலக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்க. மரபை அறிந்தவரே அதை மயக்கவும் வல்லவர்.

தமிழில் இதற்குச் சிறந்த சான்று, எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட 'அந்த நாள்'. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 அக்டோபரில், சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய நாளையொட்டிக் கதை நிகழ்கிறது. வானொலிப் பொறியாளர் ராஜன் தம் வீட்டில் சுடப்பட்டு இறக்கிறார். துப்பாக்கி ஒலி, உடல், பதறியோடும் அண்டை வீட்டார், விசாரணைக்கு வரும் காவலர் என்று மர்மக் கதையின் மரபுகள் தொடக்கத்திலேயே அணிவகுக்கின்றன. ஆயினும் இறந்துகிடப்பவர் யார்? சிவாஜி கணேசன்! கதைத்தலைவர் இறுதிவரை வாழ்ந்து வெல்வார் என்ற பழக்கத்தைப் படம் முதல் காட்சியிலேயே முறிக்கிறது. பாட்டும் கூத்தும் இன்றித் தமிழ்ப் படம் இல்லை என்றிருந்த காலத்தில் ஒரு பாடலும் இன்றி அது வெளிவந்தது. ஒரு மரபைப் பற்றிக்கொண்டு வேறொன்றைக் கைவிட்ட துணிவு அது.

முதல் முயற்சி

தூத்துக்குடிப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றியபோது, பதினொன்றாம் வகுப்பு மாணவர் அறுவர் கைப்பேசியில் ஒரு மர்மப் படத்தின் தொடக்கத்தை மட்டும் எடுத்தனர். நள்ளிரவு, கடற்கரை, தாடி வைத்து லுங்கி கட்டிய ஒருவர் படகிலிருந்து மூட்டையை இறக்குகிறார், பின்னணியில் முழங்கும் இசை. அனைவரும் கைதட்டினர். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் மட்டும் எழுந்து, "எங்க அப்பாவும் இப்படித்தான் சார் இருப்பாங்க" என்றான். அவன் தந்தை விசைப்படகில் மீன்பிடிக்கச் செல்பவர்.

வகுப்பு அமைதியாயிற்று. நானும் விடை கூறவில்லை.

இக்கரையில் கடத்தல் நிகழ்வதில்லை என்று எவரும் சொல்ல இயலாது. 2001இல் தடை செய்யப்பட்ட கடல் அட்டையும், இலங்கைக்குக் கொண்டு செல்லப்படும் பீடி இலையும் பிடிபட்ட செய்திகளை நாளிதழ்களில் படிக்கிறோம். 2013இல் வெளிவந்த 'சிங்கம் 2' போன்ற படங்களும் தூத்துக்குடியைக் கடத்தலின் களமாகக் காட்டின. ஆனால், கட்டிய உடையையும் கருத்த மேனியையும் கொண்டே ஒருவரைக் குற்றவாளி என்று அடையாளம் காட்டுவது மரபன்று, சோம்பல். மரபு எதிர்பார்ப்பை எழுப்புகிறது. அந்த எதிர்பார்ப்பு எவர் தலையில் விடிகிறது என்பதைப் படம் எடுப்பவர்தாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

கயிற்றின் மறுமுனை

அதிர்ச்சி வேறு, பதற்றம் வேறு. இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் இதனை விளக்கியிருக்கிறார். மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டு திடீரென வெடித்தால் பார்ப்பவருக்குச் சில வினாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதைப் பார்ப்பவர் அறிந்திருக்க, மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் அறியாமல் பேசிக்கொண்டிருந்தால் பல நிமிடப் பதற்றம்.

இதற்கு வெடிகுண்டு வேண்டியதில்லை, முத்துக்குளிப்பே போதும். இடுப்பில் கயிறும் கையில் பையுமாக, கல்லின் துணையால் ஒருவர் கடலடிக்கு இறங்குகிறார். உயிர்க்காற்று உருளை எதுவும் இல்லை. அடக்கிய மூச்சு மட்டுமே. கயிற்றின் மறுமுனை படகில் இருப்பவர் கையில். உடன்பிறந்தாளின் வாழ்வை எண்ணி மைத்துனன் கைசோரமாட்டான் என்பதால் அவனிடமே கயிற்றைக் கொடுப்பர் என்றொரு வழக்கு இப்பகுதியில் உண்டு. இப்போது, கயிற்றில் ஓர் இழை அறுந்திருப்பதை அண்மைக் காட்சியில் காட்டுங்கள். அடுத்து, மேலே இருப்பவர் வேறு பக்கம் திரும்பிப் பேசுவதைக் காட்டுங்கள். பின்னர் நெடுநேரம் அசைவற்ற நீர்ப்பரப்பை மட்டும் காட்டுங்கள். இசை வேண்டா. பார்ப்பவர் தம்மையறியாமல் மூச்சை அடக்கிக்கொள்வர்.

தெரிந்து தெளிவோம்

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத்திட்டுகளைப் 'பார்' என்பர். முற்காலத்தில் சுறாக்களை மந்திரத்தால் கட்டுபவராகக் கருதப்பட்ட 'கடற்கட்டி' என்பவரும் முத்துக்குளிப்பில் இடம்பெற்றிருந்தார். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது.

ஒளியும் ஒலியும்

கைப்பேசியில் நள்ளிரவைப் படம்பிடித்தால் புள்ளிகளே மிஞ்சும். கதிரவன் மறைந்தபின் வானில் நீலம் தங்கியிருக்கும் இருபது நிமிடங்களே உங்களுக்கு உரியவை. தூத்துக்குடியில் கதிரவன் கடலில் எழுகிறது. மறைவதோ உப்பளங்களுக்குப் பின்னால். கடலில் விழும் கதிரவனை இங்கு எடுக்க இயலாது என்பதைப் பலர் படப்பிடிப்பன்றுதான் உணர்கின்றனர்! கடற்காற்றில் உரையாடலைப் பதிவு செய்வதும் வீண்வேலை. காற்றையும் கப்பலின் ஊதொலியையும் தனித்தனியே பதிந்து பின்னர்ச் சேர்க்கலாம். வ.உ.சிதம்பரனார் துறைமுகம் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவலில் உள்ளது. கடலில் உள்ள தீவுகள் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. இசைவின்றி இரண்டிலும் படம் எடுத்தல் கூடாது.

இரண்டாம் முயற்சி

அம்மாணவர் அறுவரும் எழுவராயினர். பின்வரிசை மாணவனும் சேர்ந்துகொண்டான். கடற்கரையை விட்டு உப்பளத்திற்குச் சென்றனர்.

வெயிலுக்கு அஞ்சி விடியலுக்கு முன்பே வேலையைத் தொடங்குவது உப்பளத் தொழிலாளர் வழக்கம். சேய்மைக் காட்சி: இருளில் ஐந்தாறு விளக்கொளிகள் அசைகின்றன. மூச்சிரைப்பு, எதையோ இழுக்கும் ஓசை. ஏதோ மறைக்கப்படுகிறது என்று நம் மனம் தானே முடிவு செய்கிறது. கேமரா நெருங்குகிறது. தலையில் டார்ச் விளக்குக் கட்டிய பெண்கள் பாத்தியில் உப்பு வாருகின்றனர். நாம் கொண்ட ஐயம் நம்மையே திரும்பிப் பார்க்கிறது. நடித்தவர்களுள் ஒருவர், மாணவி ஒருத்தியின் தாயார். பலகையைப் பிடிக்க மாணவர்கள் காட்டிய முறையைப் பார்த்து, "அப்படிப் பிடிச்சா உப்பு வராது, தம்பி" என்று திருத்தியவரும் அவரே.

மூச்சுத் தளர்ந்த அந்நொடியில் ஒரு பலகை எதிலோ தட்டி நிற்கிறது. அவ்வோசை உப்பின் ஓசையன்று. பெண்கள் ஒருவரையொருவர் பார்க்கின்றனர். பாத்திக்குள் கிடப்பது என்ன என்பதைக் காட்டலாமா, கூடாதா என்று எழுவரும் இரண்டு நாள் வாதிட்டனர். காட்ட வேண்டா என்றவன் பின்வரிசை மாணவன். விளக்குகள் ஒவ்வொன்றாக அந்த ஓர் இடத்தை நோக்கித் திரும்புகின்றன, திரை இருள்கிறது, படத்தின் பெயர் தோன்றுகிறது.