புதிய பூனையின் மிரட்சியைப் போக்கும் முறைகள்

நெல், சோளம், நிலக்கடலை சேமிக்கும் இடங்களில் எலித் தொல்லையைக் குறைக்க விவசாயிகள் பூனை வளர்ப்பது வழக்கம். ஆனால் வேறு இடத்திலிருந்து கொண்டுவரும் பூனை ஓரிரு நாட்களில் ஓடிவிடுகிறது. அல்லது தீனி தின்னாமல் மெலிகிறது. இடமாற்றத்தால் ஏற்படும் மிரட்சியே இதற்கு முக்கியக் காரணம். மேல்நாட்டுப் பூனைக் காப்பகங்களில் கையாளப்படும் எளிய முறைகள் இங்கும் பயன்படும்.

அறிகுறிகள்

மிரண்ட பூனை மூலையில் உடலைக் குறுக்கிப் படுத்திருக்கும். காதுகள் பின்னோக்கி மடிந்திருக்கும். கண்மணி விரிந்திருக்கும். உடலை நக்கிச் சுத்தம் செய்யாது. மிரட்சி நீடித்தால் நோய் எதிர்ப்புச் சக்தி குறையும். உடலில் அடங்கியிருக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் கிளம்பி, தும்மலும் கண்ணில் நீர் வடிதலும் தோன்றும். கொழுத்த பூனை சில நாட்கள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி

நெதர்லாந்து நாட்டுக் காப்பகம் ஒன்றில் நடந்த ஆய்வு 2014-ல் வெளியாயிற்று. புதிதாக வந்த 19 பூனைகளில் 10 பூனைகளுக்கு மட்டும் ஒளிந்துகொள்ள அட்டைப் பெட்டி தரப்பட்டது. 3, 4-வது நாட்களில் அவற்றின் மிரட்சி மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. காசு செலவில்லாத முறை இது. பழைய அட்டைப் பெட்டியையோ கவிழ்த்த கூடையையோ வாசல் விட்டு வைத்தால் போதும்.

கவனிக்க வேண்டியவை

1. தீனியையும் நீரையும் மலம் கழிக்கும் மணல் தட்டிலிருந்து 2 அடியாவது தள்ளி வைக்க வேண்டும்.
2. நாய் கண்ணில் படாத, குரைப்புக் கேட்காத இடம் நல்லது.
3. ஒருவரே, தினமும் ஒரே நேரத்தில் தீனி வைக்க வேண்டும்.
4. படுக்கைச் சாக்கைத் தினமும் மாற்றக் கூடாது. தன் வாடை இருந்தால்தான் பூனை அந்த இடத்தைத் தனதாகக் கொள்ளும்.
5. பெட்டிக்குள் கைவிட்டு இழுக்கக் கூடாது. தானாக வெளிவரும் வரை காத்திருக்க வேண்டும்.

எப்போது வெளியே விடலாம்?

அமெரிக்காவில் வீட்டில் வளர்க்க ஏற்காத காப்பகப் பூனைகளை எலி பிடிக்கப் பண்ணைகளுக்குத் தருகிறார்கள். அவற்றை 2 முதல் 4 வாரங்கள் கொட்டகையில் அடைத்து வைத்துப் பழக்கிய பிறகே வெளியே விடுகிறார்கள். இங்கும் காற்றோட்டமுள்ள அறையில் அவ்வாறே பழக்கலாம்.

பூனை உள்ள இடத்தில் எலி விஷம் வைக்கக் கூடாது. விஷம் தின்ற எலியைத் தின்னும் பூனையும் இறக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசியும் அவசியம். ஒரு நாள் முழுவதும் தீனி தொடாத பூனையைத் தாமதமின்றி அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.