மின்சைக்கிள் ஓட்டினால் கள்ளாட்டமா?

பள்ளித் திடலில் ஓடிப்பிடித்து விளையாடிய நாளிலிருந்தே நமக்குப் பழக்கமான சொல் ‘கள்ளாட்டம்’. கோட்டைத் தாண்டி நின்றால் கள்ளாட்டம். எண்ணி முடிப்பதற்குள் கண்ணைத் திறந்தால் கள்ளாட்டம். வளர்ந்த பிறகு அந்தச் சொல்லை நாம் அதிகம் பயன்படுத்துவதில்லை. ஆனால் கடந்த ஓராண்டில் பெரியவர்கள் வாயிலிருந்தே அதைப் பலமுறை கேட்டுவிட்டேன். பெரும்பாலும் சைக்கிள் பாதையில், பெரும்பாலும் மின்சைக்கிளைப் பற்றி.

“மோட்டார் இழுத்துக்கொண்டு போகிறது, இவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்” என்பார் ஒருவர். “வியர்க்கவில்லை என்றால் அது என்ன உடற்பயிற்சி?” என்பார் இன்னொருவர். இப்படிச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பலர் என்னுடன் பத்தாண்டுகளாகச் சைக்கிளோட்டும் நண்பர்கள். ஞாயிறு காலை தெம்பனிசில் கூடி, சாங்கி வில்லேஜ் வரை போய், நாசி லெமாக் சாப்பிட்டுத் திரும்பும் சிறிய குழு எங்களுடையது. சில வாரங்களில் விமான நிலையத்தை ஒட்டிய கரையோரப் பாதையில் ஈஸ்ட் கோஸ்ட் வரை போவோம். அங்கே மறைப்பே கிடையாது. எதிர்க்காற்று அடிக்கும் நாளில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் ஒருவர் பாட்டை முணுமுணுத்தபடி நம்மைத் தாண்டிப் போனால் கொஞ்சம் எரிச்சல் வரத்தான் செய்யும். அந்த எரிச்சல் எனக்கும் தெரியும்.

அந்த எரிச்சல் ஒருவரை என்ன செய்யும் என்பதை என் அக்காவிடம்தான் பார்த்தேன். அவருக்கு 56 வயது. முட்டி எலும்பு தேய்ந்துவிட்டது. சைக்கிளோட்டுவது முட்டிக்கு நல்லது, ஆனால் மேட்டில் அழுத்தி மிதிக்க வேண்டாம் என்றார் மருத்துவர். மேடு இல்லாத வழி எங்கே இருக்கிறது? ஒரு மேம்பாலம் போதும், அன்று இரவு முழுக்கத் தைலம் தேய்க்க வேண்டியிருக்கும். யோசித்து, விலை விசாரித்து, மின்சைக்கிள் ஒன்று வாங்கினார். முதல் ஞாயிறு எங்களுடன் வந்தார். குழுவில் மூத்தவரான ஓர் அண்ணன் சிரித்துக்கொண்டே, “என்னம்மா, இது கள்ளாட்டம் லா! நாங்கெல்லாம் மிதிக்கிறோம், நீ சவாரி வர்றே” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அடுத்த வாரமும் அதே நகைச்சுவை. மூன்றாவது வாரம் அவர் வரவில்லை.

“முட்டி வலியைக்கூடத் தாங்கிக்கலாம்டா. எல்லாரும் உழைச்சு வர்றாங்க, நான் மட்டும் ஏமாத்தி வர்ற மாதிரி இருக்கு” என்றார். இரண்டு மாதம் அந்தச் சைக்கிள் வீட்டுக்குள் துணி போர்த்திக் கிடந்தது.

கள்ளாட்டம் என்று சொல்பவர்கள் ஒரு கணக்கில் தவறுகிறார்கள். மின்சைக்கிளைக் கேலி செய்தால் அவர் சாதாரண சைக்கிளுக்குத் திரும்பிவிடுவார் என்று நினைக்கிறார்கள். அக்கா திரும்பவில்லை. சோபாவுக்குப் போனார்.

அந்த இரண்டு மாதத்தில் மூன்று வாரம் அவருடைய சைக்கிளை நான் வாங்கி ஓட்டினேன். அதற்கு முன் இணையத்தில் நடத்தப்படும் எழுத்துத் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டியிருந்தது. 2022 ஜனவரியிலிருந்து சிங்கப்பூரில் மின்சைக்கிள் ஓட்டும் எல்லாருக்கும் அது கட்டாயம். வயது 16 நிறைந்திருக்க வேண்டும். வண்டிக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் முத்திரையும் பதிவெண் தகடும் வேண்டும். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கு மேல் போகக்கூடாது, எடை 20 கிலோவைத் தாண்டக்கூடாது. சாலையிலும் சைக்கிள் பாதையிலும் ஓட்டலாம், நடைபாதையில் கூடாது.

கேலி செய்யும் பலருக்குத் தெரியாதது அடுத்த விதி. மிதித்தால்தான் மோட்டார் வேலை செய்யும். மோட்டார்சைக்கிள்போலக் கைப்பிடியைத் திருகி ஓட்டும் வசதி இங்கே சட்டவிரோதம். மிதிகட்டையில் நாம் கொடுக்கும் அழுத்தத்தை உணர்ந்து மோட்டார் கொஞ்சம் கூடுதல் வலு கொடுக்கிறது. காலை நிறுத்தினால் மோட்டாரும் நிற்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் அது ஒதுங்கிக்கொள்ளும். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் சொந்தக் காலை நம்ப வேண்டியதுதான், அதுவும் 20 கிலோ இரும்பையும் பேட்டரியையும் சுமந்துகொண்டு. ஒருநாள் பாசிர் ரிஸ் அருகே பேட்டரி தீர்ந்துபோனது. வீடு வந்து சேர்வதற்குள் ‘சும்மா உட்கார்ந்து வருகிறார்’ என்று சொன்ன அத்தனை பேரையும் நினைத்துக்கொண்டேன்.

என் கைக்கடிகாரம் காட்டிய கணக்கு இது. சொந்தச் சைக்கிளில் வழக்கமான பாதையில் போனால் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 140ஐத் தாண்டும். மின்சைக்கிளில் 110க்கும் 125க்கும் இடையே இருந்தது. குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் பேருந்தில் உட்கார்ந்திருந்தால் 75. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மூச்சு கொஞ்சம் வாங்கும், ஆனாலும் பேச முடியும் என்ற நிலைதான் மிதமான பயிற்சி. அக்காவின் சைக்கிளில் நான் இருந்தது அந்த நிலையில்தான்.

ஐரோப்பாவில் லண்டன், பார்சலோனா, வியன்னா உள்ளிட்ட ஏழு நகரங்களில் 10,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2019ல் வெளிவந்தது. மின்சைக்கிள் ஓட்டுவோரின் வாராந்திர உடலுழைப்பு, சாதாரண சைக்கிள் ஓட்டுவோருடையதைவிடக் குறைவாக இல்லை. காரணம் எளிது. மின்சைக்கிள்காரர்கள் அதிக தூரம் போகிறார்கள். காரையோ பேருந்தையோ விட்டுவிட்டு மின்சைக்கிளுக்கு மாறியவர்களுக்கு உடலுழைப்பு கூடியது. சாதாரண சைக்கிளிலிருந்து மாறியவர்களுக்குக் கொஞ்சம் குறைந்தது. ஆகவே நல்ல முட்டியோடு ஏற்கெனவே சைக்கிளோட்டும் என்னைப் போன்றவர்கள் மாற வேண்டிய அவசியம் இல்லை. நானும் மாறப்போவதில்லை.

சைக்கிள் உலகத்துக்கு இந்தச் சண்டை புதிதல்ல. 1903ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஓன்றி டெக்ராஞ்சுக்கு, கியர் மாற்றும் வசதியே பிடிக்காது. அது 45 வயதைத் தாண்டியவர்களுக்கானது என்பது அவர் எண்ணம். ஓடிக்கொண்டே சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவியை அந்தப் பந்தயம் அனுமதித்தது 1937ல்தான். இன்று எங்கள் குழுவில் மின்சைக்கிளைக் கேலி செய்யும் எல்லாருடைய வண்டியிலும் அந்தக் கருவி இருக்கிறது. இருபதுக்கு மேற்பட்ட கியர், எடை குறைந்த கரிம இழைச் சட்டம் என்று சிலர் ஒரு மின்சைக்கிளின் விலையைவிட அதிகம் செலவழித்திருக்கிறார்கள். (எங்கள் அம்மா முதல்முதலாக மின்சாரக் கிரைண்டர் வாங்கியபோது பாட்டி ஒரு வாரம் இட்லியைத் தொடவில்லை. அந்தக் கதையை அக்கா இன்னும் நடித்துக் காட்டுவார்.)

உண்மையான கள்ளாட்டம் எப்படி இருக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2016 ஜனவரியில் பெல்ஜியத்தின் சோல்டர் நகரில் சைக்கிளோகிராஸ் உலக வெற்றியாளர் போட்டி நடந்தது. 19 வயது வீராங்கனை ஃபெம்கே வான் டென் டிரீஷவுக்காக வைக்கப்பட்டிருந்த சைக்கிளின் சட்டத்துக்குள் மோட்டார் ஒளித்து வைக்கப்பட்டிருந்ததை அதிகாரிகள் கண்டுபிடித்தனர். அது தன் சைக்கிள் அல்ல என்று அவர் கூறினார். ஆனாலும் அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கம் அவருக்கு ஆறாண்டுத் தடை விதித்தது. அங்கே போட்டி இருந்தது, விதி இருந்தது, தோற்கப்போகும் எதிராளி இருந்தார், மோட்டார் மறைக்கப்பட்டிருந்தது. அதே சங்கம் 2019 முதல் மின்சார மலைச் சைக்கிளுக்கென்றே உலக வெற்றியாளர் போட்டியை நடத்துகிறது. அந்தப் போட்டியில் மோட்டார் வைத்திருப்பவரை யாரும் குற்றம் சொல்வதில்லை.

சைக்கிளோட்டக் கணக்கைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியிலும் மின்சைக்கிளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மின்சைக்கிளில் போய்விட்டு, சாதாரண சைக்கிள் என்று பதிந்து பட்டியலில் முதலிடம் பிடித்தால் அது கள்ளாட்டம். சாங்கி வில்லேஜுக்கு நாசி லெமாக் சாப்பிடப் போவதில் யார் தோற்றார்கள்?

நம்மவர்களுக்கு இதைப் புரியவைக்க நான் பழனியைச் சொல்வதுண்டு. இங்கிருந்து குடும்பத்தோடு பழனிக்குப் போனால், விஞ்சில் மலையேறும் பாட்டியைப் பார்த்து யாரும் கள்ளாட்டம் என்பதில்லை. படியேறி வருகிறேன் என்று நேர்ந்துகொண்டவர் விஞ்சில் ஏறினால் அது வேறு. அதுவும் அவருக்கும் முருகனுக்கும் உள்ள கணக்கு. வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கு அதில் வேலையில்லை.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. 2019 நவம்பர் 5ஆம் தேதி நடைபாதைகளில் மின்ஸ்கூட்டருக்குத் தடை வந்தபோது, உணவு விநியோக ஊழியர்கள் பலர் மின்சைக்கிளுக்கு மாறினார்கள். அந்த மாற்றத்துக்கு அரசாங்கம் மானியமும் கொடுத்தது. இன்று எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு மணி நேரம் நின்றால் எத்தனையோ மின்சைக்கிள்கள் போய்வருவதைப் பார்க்கலாம். அந்த ஊழியர்களைப் பார்த்து யாரும் ‘ஏமாற்றுகிறார்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. சொன்னால் நமக்கே சிரிப்பு வரும். வேலைக்கு இயந்திரத்தின் உதவி இருக்கலாம், ஆனால் மகிழ்ச்சிக்காக ஓட்டுபவர் மட்டும் வேதனைப்பட்டே ஆக வேண்டும் என்று எங்கோ முடிவு செய்துவைத்திருக்கிறோம். அந்த மகிழ்ச்சியும் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுடையது என்றால் கேலி இன்னும் சுலபமாக வருகிறது. இது என் கணிப்பு. அக்கா அப்படிச் சொல்லவில்லை.

மின்சைக்கிள்மீது மக்களுக்கு இருக்கும் கோபம் எல்லாமே பொறாமை என்று நான் சொல்லவரவில்லை. வேக வரம்பை நீக்கி, கைப்பிடியில் திருகி பொருத்தி, நடைபாதையில் முதியோரை உரசிக்கொண்டு பறக்கும் வண்டிகள் இருக்கின்றன. அங்கீகாரம் இல்லாத பேட்டரிகளால் வீடுகளில் தீ மூண்டிருக்கிறது. ஆளில்லாத நேரத்திலும் இரவு முழுவதும் மின்னேற்றம் செய்ய வேண்டாம் என்று குடிமைத் தற்காப்புப் படை திரும்பத் திரும்பச் சொல்கிறது. இவற்றையெல்லாம் கண்டிக்கத்தான் வேண்டும். கண்டிக்க வேண்டியவர்களிடம் நாம் வாய் திறப்பதில்லை. விதிப்படி பதிவுசெய்து, தேர்வெழுதி, தலைக்கவசம் மாட்டி, மெதுவாக ஓரமாகப் போகிறவர்களைத்தான் கேலி செய்கிறோம், ஏனென்றால் அவர்கள்தான் நின்று பதில் சொல்கிறார்கள். சைக்கிள் பாதையில் வேக வரம்பு எல்லாருக்கும் 25 கிலோமீட்டர்தான். அக்காவின் மோட்டார் அந்த வேகத்தில் தானாக ஒதுங்கிவிடுகிறது. பந்தயச் சைக்கிளில் 32, 33 என்று பறக்கும் என் நண்பர்கள் சிலரைத் தடுக்க எந்தக் கருவியும் இல்லை. விதியை மீறுவதுதான் கள்ளாட்டம் என்றால் பட்டியலைக் கொஞ்சம் மாற்றி எழுத வேண்டியிருக்கும். இதை ஒருநாள் காப்பிக் கடையில் சொன்னேன். சிலர் சிரித்தார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டு அடுத்த இரண்டு வாரம் வரவில்லை.

ஜப்பானில் யமஹா நிறுவனம் 1993லேயே மிதிக்கு உதவும் மின்சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முன்னால் ஒரு குழந்தை, பின்னால் ஒரு குழந்தை, கூடையில் காய்கறி என்று மேட்டில் ஏறும் தாய்மார்களை அங்கே தெருவில் பார்க்கலாம். அது அவர்களுக்கு வீரமும் இல்லை, ஏமாற்றும் இல்லை, வீட்டுச் சாமான்.

அக்கா இப்போது எங்கள் குழுவோடு வருவதில்லை. பக்கத்துப் புளோக்கில் இருக்கும் இரண்டு தோழிகளுடன் சனிக்கிழமை காலையில் போகிறார். ஒருவரிடம் மின்சைக்கிள், இன்னொருவரிடம் பழைய சாதாரண சைக்கிள். முன்பு பாசிர் ரிஸ் பூங்கா வரை போவதே பெரிது. போன மாதம் பொங்கோல் வரை போய், கடலோரம் தேநீர் குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். முட்டி வலி போய்விடவில்லை, ஆனால் தைலப் புட்டி முன்புபோல் சீக்கிரம் காலியாவதில்லை என்கிறார்.

இரண்டு வாரத்துக்கு முன், ‘சவாரி’ என்று கேலி செய்த அந்த அண்ணன் என்னைத் தனியாக அழைத்து, அக்காவின் சைக்கிள் என்ன விலை, எந்தக் கடை என்று கேட்டார். மனைவிக்காம். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, ஐந்தடி பத்து அங்குல உயரமுள்ள ஆளுக்கு அதன் இருக்கை சரிப்படுமா என்று கேட்டார். அவர் மனைவி என் தோள் உயரம்கூட இல்லை. அக்காவின் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் சனிக்கிழமை அக்காவே அவரைக் கடைக்கு அழைத்துப் போகிறார்.